மீன்தொட்டிப் புழுக்கள்: வண்ணமீன் வளர்ப்பின் ஊடாக ஒரு வரலாறு

மீன்தொட்டிப் புழுக்கள் என்பது வீட்டில் வண்ணமீன் வளர்க்கும் தொட்டிகளில் கண்ணாடியின் மீதும், சரளைக்கற்களின் இடுக்கிலும், வடிகட்டியின் பஞ்சிலும் காணப்படும் மிகச்சிறிய புழுவினங்களுக்கான பொதுப்பெயர். இவை ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. பெரும்பாலானவை மீனுக்குத் தீங்கு செய்யாதவை. சில மீன்களுக்கு உணவாகின்றன. மிகச் சில மட்டுமே நோய் உண்டாக்கும் ஒட்டுண்ணிகள். இவற்றை வேறுபடுத்தி அறியாமல் தொட்டியில் மருந்தை ஊற்றுவதால் பல நேரங்களில் புழுவோடு மீனும் இறந்துபோகிறது. கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கும் வழக்கத்துக்கு ஏறத்தாழ 175 ஆண்டு வரலாறு உண்டு. புழுக்களைப் பற்றிய அறிவும் அதனுடன் சேர்ந்தே வளர்ந்தது.

வகைகள்

வீட்டுத் தொட்டியில் மிகுதியாகக் காணப்படுவது கழிவுண்ணிப் புழு. வெள்ளை நூல்துண்டு போல மெலிந்தது. மண்புழு அடங்கிய வளையப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது. நீரில் நெளிந்து நெளிந்து நீந்தும். மீன் தின்னாமல் விட்ட தீவனத்தையும் அழுகிய இலையையும் உண்டு வாழும். மீனின் உடலில் ஒட்டாது.

இரண்டாவது வகை பிளனேரியா எனப்படும் தட்டைப்புழு. தலை அம்புமுனை போல இருக்கும். தலையில் இரண்டு கண்புள்ளிகள் தெரியும். நெளியாமல் கண்ணாடியில் வழுக்கிச் செல்லும். பெரிய மீனுக்கு இதனால் கேடில்லை. முட்டைகளையும் சிறு இறால்களையும் தின்னக்கூடியது என்பதால் இறால் வளர்ப்போர் இதை அஞ்சுகின்றனர். அம்புமுனைத் தலை இல்லாத, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள வேறு தட்டைப்புழுக்களும் தொட்டியில் உண்டு. அவை தீங்கற்றவை.

ஒட்டுண்ணிகள் மூன்றாவது வகை. இவை கண்ணாடியில் அல்ல, மீனின் உடலில் தென்படும். செவுளிலும் தோலிலும் ஒட்டும் நுண்ணிய தட்டைப்புழுக்கள், குடலில் வாழ்ந்து மலத்துளை வழியே சிவப்பு நூல் போல வெளியே தொங்கும் கமலேனஸ் என்னும் உருளைப்புழு ஆகியவை இதில் அடங்கும். புழு எங்கே இருக்கிறது என்பதே முதலில் பார்க்கவேண்டியது. கண்ணாடியில் இருந்தால் அது பெரும்பாலும் தொட்டியின் தூய்மை பற்றிய செய்தி. மீனின் உடலில் இருந்தால் அது நோய்.

கண்ணாடித் தொட்டியின் தோற்றம்

சீனாவில் தங்கமீன்களைப் பல நூற்றாண்டுகளாகக் குளங்களிலும் பீங்கான் கலங்களிலும் வளர்த்து வந்தனர். நீரை அடிக்கடி மாற்றாமல் கண்ணாடிக் கலத்தில் மீன் வளர்ப்பது எப்படி என்பதை முறையாக ஆராய்ந்தவர் லண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். நீர்த்தாவரம் உயிர்வளியை வெளியிடும், மீன் அதைச் சுவாசிக்கும் என்ற எண்ணத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் ஒரே கலத்தில் இட்டார். சில நாட்களில் தாவரத்தின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டபோது அவை அழுகிய பகுதிகளைத் தின்றன. நீர் தெளிந்தது. 1850-ல் இந்த ஆய்வு முடிவை அவர் வெளியிட்டார்.

மீனும் தாவரமும் மட்டும் போதாது, கழிவை உண்ணும் மூன்றாவது உயிர் ஒன்றும் வேண்டும் என்பதே வாரிங்டன் கண்டறிந்தது. அவருடைய கலத்தில் நத்தை செய்த வேலையைத்தான் இன்றைய வீட்டுத் தொட்டியில் கழிவுண்ணிப் புழுக்களும் செய்கின்றன.

1853-ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்களுக்கான காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. 1854-ல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. பிரிட்டனின் நடுத்தரக் குடும்பங்களில் மீன்தொட்டி வைப்பது பெருவழக்காகியது. அடுத்த முக்கியமான அறிவு 1890-ல் கிடைத்தது. ரஷ்ய அறிவியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களைப் பிரித்தறிந்தார். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. வடிகட்டிப் பஞ்சில் குடியேறும் இந்தப் பாக்டீரியாக்களே அந்த நஞ்சை நீக்குகின்றன. வடிகட்டியைக் குழாய்நீரில் பிழிந்து 'சுத்தமாக' கழுவினால் குழாய்நீரின் குளோரின் பாக்டீரியாக்களைக் கொல்வதும், ஓரிரு நாளில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் வாய்திறந்து தவிப்பதும் இதனால்தான்.

சென்னையில் மீன் காட்சியகம்

பொதுமக்கள் பார்ப்பதற்கான இந்தியாவின் முதல் மீன் காட்சியகம் சென்னை மெரினா கடற்கரையில் அமைந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் உருவான இது 1909 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. முதலில் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்து, 1919-ல் மீன்வளத் துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூடப்பட்டது.

இத்தகைய காட்சியகங்களில் நீரை மாற்றவும் கழிவை அகற்றவும் பணியாளர்கள் இருந்தனர். வீட்டுத் தொட்டியில் அந்த வேலை முழுவதும் வீட்டாரிடம் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த இரண்டு மாற்றங்கள் வீட்டுத் தொட்டியை எளிதாக்கின. இரும்புச் சட்டத்தில் மக்கு வைத்துக் கண்ணாடி பதிக்கும் முறை போய், சிலிக்கோன் பசையால் கண்ணாடிகளை ஒட்டும் முறை வந்தது. உயிருணவைத் தேடி அலையவேண்டிய தேவையின்றி டப்பாவில் அடைத்த உலர்தீவனம் வந்தது. இரண்டாவது மாற்றத்துக்கு ஒரு பின்விளைவும் இருந்தது. டப்பாவைத் திறந்து கொட்டுவது எளிது என்பதால் மீனுக்குத் தேவைக்கு மேல் தீவனம் போடும் பழக்கம் பரவியது. தின்னாத தீவனம் சரளைக்கல்லின் அடியில் தங்கியது. புழுக்கள் பெருகின.

கொளத்தூரும் டியூபிஃபெக்ஸ் புழுவும்

சென்னையின் வடமேற்கிலுள்ள கொளத்தூர் இந்தியாவின் முக்கியமான வண்ணமீன் வணிக மையங்களில் ஒன்று. கொளத்தூர், ரெட்டில்ஸ், மாதவரம் பகுதிகளில் சிமெண்ட் தொட்டிகளிலும் மண்குளங்களிலும் கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல், ஃபைட்டர் முதலிய மீன்களைக் குடும்பத் தொழிலாக வளர்க்கின்றனர். உயிர்வளி நிரப்பிய பாலித்தீன் பைகளில் இவை வெளியூர்க் கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் செல்கின்றன.

வீட்டில் வளர்ப்போர் அருவருக்கும் புழு இத்தொழிலில் மூலப்பொருள். டியூபிஃபெக்ஸ் என்னும் சிவப்புப் புழு, தாய்மீன்களை முட்டையிடும் நிலைக்குக் கொண்டுவரவும் குஞ்சுகளை விரைவாக வளர்க்கவும் உயிருணவாகப் பயன்படுகிறது. டென்மார்க் அறிஞர் ஓ. எஃப். முல்லர் 1774-ல் அறிவியல் பெயரிட்ட இப்புழு, தலையைச் சேற்றில் புதைத்து வாலை நீரில் ஆட்டிக்கொண்டிருக்கும். குருதியில் உள்ள செந்நிறப் பொருளின் துணையால் உயிர்வளி மிகக் குறைந்த சாக்கடை நீரிலும் வாழும். ஆகவே நகரத்துக் கழிவுநீர்க் கால்வாய்களே இதன் விளைநிலம். சேற்றில் இறங்கி இதை அள்ளி, அலசி, விற்போரின் உழைப்பின் மேல்தான் வண்ணமீன் வளர்ப்பின் ஒரு பகுதி நிற்கிறது. கையுறையோ காலணியோ இல்லாமல் செய்யப்படும் இவ்வேலையில் தோல்நோயும் காயத்தொற்றும் எப்போதும் உள்ள ஆபத்துகள்.

சாக்கடையிலிருந்து வரும் புழு நோயையும் கொண்டுவரும். ட்ரவுட், சால்மன் மீன்களைச் சுழன்று சுழன்று நீந்தவைத்துக் கொல்லும் 'சுழல் நோய்' எப்படிப் பரவுகிறது என்பது நீண்டகாலம் விளங்காமல் இருந்தது. 1984-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கென் வுல்ஃப், மரியா மார்கிவ் ஆகியோர் அந்நோய்க்கிருமி தன் வாழ்வின் ஒரு பகுதியை டியூபிஃபெக்ஸ் புழுவினுள் கழிக்கிறது என்று காட்டினர். மீனில் காணப்படும் வடிவமும் புழுவில் காணப்படும் வடிவமும் வேறுவேறு உயிர்கள் என்றே அதுவரை கருதப்பட்டு வந்தது. அது குளிர்நீர் மீன்களின் நோய். எனினும் அள்ளிவந்த உயிருணவை ஓடும் நீரில் பலமுறை அலசிய பிறகே தொட்டியில் இடவேண்டும் என்ற பொது விதியின் காரணத்தை அது விளக்குகிறது. உறையவைத்த உணவும், உப்பளங்களில் விளையும் ஆர்டீமியா என்னும் உவர்நீர் நுண்ணிறாலும் டியூபிஃபெக்ஸுக்கு மாற்றாக உள்ளன. தூத்துக்குடி உப்பளங்களில் ஆர்டீமியா இயற்கையாகவே காணப்படுகிறது.

வெட்டினால் பெருகும் புழு

பிளனேரியாவைக் கண்டவுடன் கத்தியால் சுரண்டி நசுக்குவது பலரும் செய்வது. அது ஏன் பயன்தராது என்பது இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் கிரஹாம் டாலியெல் 1814-ல் வெளியிட்ட நூலில், கத்திக்கு இரையானாலும் இப்புழு ஏறக்குறைய சாவற்றது என்ற கருத்தை எழுதினார். 1898-ல் அமெரிக்க உயிரியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கன், உடலின் 279-ல் ஒரு பங்கு அளவுள்ள துண்டும் முழுப்புழுவாக வளரமுடியும் என்று கணக்கிட்டார். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய செல்கள் அதன் உடல் முழுவதும் பரவியிருப்பதே காரணம். தொட்டியில் ஒரு புழுவைப் பாதியாக நறுக்கினால் இரண்டு புழுக்கள் கிடைக்கும்.

புழு அல்லாத 'புழு'

'நங்கூரப் புழு' என்று கடைகளில் சொல்லப்படும் லெர்னேயா, தங்கமீன், கெண்டை இனங்களின் உடலில் குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும். 1758-ல் இதற்குப் பெயரிட்ட லின்னேயஸ் இதைப் புழுக்களின் வகுப்பிலேயே வைத்தார். பின்வந்தோர் இதன் இளம் பருவத்தைக் கண்டபோது இது இறால், நண்டு ஆகியவற்றின் உறவான ஓட்டுடலி என்று தெளிந்தது. குடற்புழு மருந்து இதற்குப் பயன்தராமல் போவதும், ஓடு உருவாவதைத் தடுக்கும் மருந்துகள் பயன்படுவதும் அதனால்தான். பெயர் பிழையானால் மருந்தும் பிழையாகும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மருந்தும் அதன் விலையும்

குடற்புழுவுக்குப் பாக்கு மருந்தாவது தமிழகத்தின் பழைய மருத்துவ அறிவு. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் 1888-ல் பிரித்தெடுக்கப்பட்டது. நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்ற நெடுங்காலம் கால்நடை மருத்துவத்தில் அது பயன்பட்டது. இன்று பிளனேரியாவுக்கென்று விற்கப்படும் பொடிகளில் சில பாக்கின் சாற்றை அடிப்படையாகக் கொண்டவை. அவை பிளனேரியாவைக் கொல்கின்றன. அதே நீரிலுள்ள நத்தைகளையும் கொல்கின்றன. 1960களில் பெல்ஜியத்தில் உருவான லெவமிசோல் கமலேனஸ் போன்ற உருளைப்புழுக்களுக்குப் பயன்படுகிறது. தட்டைப்புழுக்களுக்கு 1970களில் ஜெர்மனியில் உருவான பிராசிகுவான்டெல் தரப்படுகிறது. ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

மருந்தால் வரும் மற்றொரு இடர் புழுவின் பிணம். தொட்டியின் அடியில் மறைந்திருக்கும் ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நாளில் செத்தால் அவை அழுகி அம்மோனியா பெருகும், உயிர்வளி குறையும். மருந்தை மறுத்த மீன் என்று பலரும் எண்ணுவது உண்மையில் இந்த அழுகலால் இறந்த மீனாக இருக்கலாம்.

இதன் பேருருவத்தை நார்வேயில் காணலாம். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் நீளமுள்ள கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்னும் தோல் ஒட்டுண்ணி, 1970களில் வளர்ப்பு மீன்களுடன் அந்நாட்டு ஆறுகளுக்குள் வந்தது. சால்மன் குஞ்சுகள் பெருவாரியாக அழிந்தன. ஒட்டுண்ணியை ஒழிப்பதற்காக ஆறுகளில் ரோடெனோன் என்னும் நஞ்சு கலக்கப்பட்டது. அது கொன்றது புழுவை அல்ல, புழு வாழ இடமாகும் மீன்களை. ஒரு மீனைப் பிற நீருக்கு மாற்றும்போது தனிமைப்படுத்திப் பார்க்காத தவறுக்கு அந்நாடு கொடுத்த விலை அது.

நரம்புச் சிலந்தி காட்டிய வழி

நீரிலுள்ள சிறு புழுக்களைக் கண்டு மக்கள் அஞ்சுவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. நரம்புச் சிலந்தி என்னும் புழுநோய் தென்னிந்தியாவில் நெடுங்காலம் இருந்தது. குடிநீரிலுள்ள சைக்ளோப்ஸ் என்னும் நுண்ணிய ஓட்டுடலி வழியே உடலுக்குள் செல்லும் புழு, ஏறத்தாழ ஓராண்டு கழித்து கால் புண்ணின் வழியே வெளிவரும். பெண்புழு ஒரு மீட்டர் வரை நீளும். அதைக் குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பதே மருத்துவம். நோயாளி படிக்கிணற்றில் கால் வைத்தால் குஞ்சுப்புழுக்கள் மீண்டும் நீரில் கலக்கும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. நோயைத் தீர்க்கும் மருந்தும் இல்லை. 1983-84-ல் இந்தியாவில் ஒழிப்புத் திட்டம் தொடங்கியபோது நீரைத் துணியில் வடிகட்டுதல், படிக்கிணறுகளை இறங்கமுடியாத கிணறுகளாக மாற்றுதல், அடிகுழாய் அமைத்தல், சைக்ளோப்ஸைக் கட்டுப்படுத்தும் மருந்தை நீரில் இடுதல் ஆகியவையே வழிகளாக இருந்தன. தமிழகம் பிற மாநிலங்களுக்கு முன்னதாகவே இந்நோயிலிருந்து விடுபட்டது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை நோயற்ற நாடாக அறிவித்தது. மனிதரின் உடலுக்குள் மருந்து செலுத்தாமல், நீரைக் கையாளும் பழக்கத்தை மாற்றியே வென்ற நோய் இது.

மீனின் குடலில் வாழும் கமலேனஸும் இதே சைக்ளோப்ஸ் வகை உயிர்களின் வழியே பரவக்கூடியது. குளத்து நீரையும் குளத்து உயிருணவையும் நேரடியாகத் தொட்டியில் ஊற்றுவோர் அந்தப் பழைய படிக்கிணற்றின் சுழற்சியைச் சிறிய அளவில் மீண்டும் உருவாக்குகின்றனர்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வெயிலும் தொட்டியும்

தமிழகத்தில் கோடையில் மிக அதிக வெப்பம் பதிவாகும் இடங்களில் திருத்தணி ஒன்று. அதை அடுத்துள்ள நெசவூரான ஆர்.கே.பேட்டையும் அதே வெயிலில் கிடப்பது. வெப்பம் கூடக்கூட நீரில் கரையும் உயிர்வளி குறையும். 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 35 பாகையில் அது 7 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. அதே வெப்பத்தில் தின்னாத தீவனம் விரைவாக அழுகி, இருக்கும் உயிர்வளியையும் உறிஞ்சிக்கொள்ளும்.

இந்நிலையில் மின்சாரம் நின்று காற்றுக்குழாயும் வடிகட்டியும் ஓய்ந்தால், சரளைக்குள் இருந்த கழிவுண்ணிப் புழுக்கள் உயிர்வளி தேடிக் கண்ணாடியில் மேலேறும். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே பல மணிநேர மின்வெட்டு நிலவியது. விசைத்தறியை நிறுத்திய அதே மின்வெட்டு வீட்டு மீன்தொட்டியையும் நிறுத்தியது. காலையில் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புழுக்களைக் காண்பவர் நோய் வந்ததாக எண்ணி மருந்து வாங்குவார். உண்மையில் புழு அங்கே எச்சரிக்கை மணி. அப்போது தேவைப்படுவது மருந்தல்ல, காற்றும் புதுநீரும்.

இம்மாவட்டத்தின் பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி உள்ளது. 2012-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது இயங்குகிறது. மாதவரத்தில் அப்பல்கலைக்கழகத்தின் வண்ணமீன் வளர்ப்பு மையம் உள்ளது. மீனின் உடலில் ஒட்டுண்ணி தென்பட்டால் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பாட்டிலை வாங்குவதைவிட இத்தகைய இடங்களில் நுண்ணோக்கியில் பார்த்து இனம் அறிவது சிக்கனமானது.

நடைமுறை

வரலாற்றின் வழியே திரண்டுள்ள நடைமுறைகள் எளியவை. ஒரு வேளைக்கு மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம் இடவேண்டும். வாரம் ஒருமுறை நீரின் கால்பங்கு முதல் மூன்றில் ஒருபங்கு வரை மாற்றவேண்டும். அப்போது குழாயால் சரளையின் அடியிலுள்ள கசடை உறிஞ்சி எடுத்தால் புழுக்களின் உணவும் புழுக்களும் சேர்ந்து வெளியேறும். குழாய்நீரைக் குளோரின் நீங்கும்வரை வைத்திருந்து ஊற்றவேண்டும். வடிகட்டிப் பஞ்சை, மாற்றி எடுத்த தொட்டி நீரிலேயே அலசவேண்டும். பிளனேரியாவை இறைச்சித் துண்டு வைத்த சிறு துளைப் புட்டியை இரவில் இட்டுக் காலையில் எடுத்துப் பிடிக்கலாம். புதிய மீனை இரண்டு முதல் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்கவேண்டும். புதிய தாவரத்தையும் தனியே அலசிய பிறகே நடவேண்டும். வேண்டாத மீனையோ தொட்டி நீரையோ ஏரி குளங்களில் விடக்கூடாது.

தொட்டி முழுவதையும் காலிசெய்து கொதிநீரில் கழுவித் தொடங்குவது கடைசி வழி. அதனால் பாக்டீரியாக்களும் அழிவதால், தொட்டி மீண்டும் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். உணவு குறைந்த தொட்டியில் கழிவுண்ணிப் புழுக்களும் பிளனேரியாவும் எவரும் கொல்லாமலே இரண்டு மூன்று வாரத்தில் குறைந்துவிடுகின்றன. முற்றிலும் மறைவதில்லை, மறையவேண்டியதும் இல்லை. அளவோடு இருக்கும் புழுக்கள், வாரிங்டனின் நத்தைகளைப் போல, தொட்டியின் கழிவைத் தின்று அதைத் தூய்மையாக வைத்திருப்பவை.